வலைத்தொடர்புக்கு எந்நெறி ஏற்றது?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

பொறியியற் கல்லூரியிற் பயின்றவர் பேசவேண்டிய பொருளைப் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே குமாஸ்தா ஒருவன் பேச வந்திருக்கின்றானே என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் குற்றமில்லை. ஆயினும், கேட்பவருக்கும் விடையளிப்பவருக்கும் இடையே செய்தி எவ்வாறு செல்லவேண்டும் என்பதே இப்பொருளின் உயிர்நிலை. அவ்வேலையை இரயில்வே 1853-ஆம் ஆண்டு தொட்டுச் செய்து வருகின்றது. ஆதலின் எனக்கும் இதிற் சிறிது உரிமை உண்டென்றே கருதுகின்றேன்.

ஊர் செல்லும் உறுப்பினர்க்கென நம் இளைஞர் சிலர் வலைப்பயன்பாடு ஒன்று அமைத்து வருவதை நீங்கள் அறிவீர்கள். பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளம், கொல்லம், புனலூர், செங்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் பாலருவி விரைவு வண்டி எவ்விடத்தில் வருகின்றது என்பதை அது காட்டும். குழுப் பயணத்துக்குக் கட்டணம் செலுத்திப் பெயர் பதிய உதவும். உடன் செல்வோர் தமக்குள் உரையாடவும் இடந்தரும். இம்மூன்றுக்கும் வெப்சாக்கெட் என்னும் ஒரே நெறிமுறையைக் கையாளலாம் என்பது அவர்களுட் பெரும்பாலோர் கருத்து. அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. ஏன் உடன்பாடன்று என்பதைச் சொல்லவே இங்கு நிற்கின்றேன்.

இது வெறும் கருத்து வேற்றுமையன்று. பக்கத்தை வைத்திருக்கும் கணிப்பொறிக்கு, அதாவது வழங்கிக்கு, வாடகை சங்கத்தின் சந்தாப் பணத்திலிருந்து போகின்றது. அதனைப் பார்ப்பவரின் கைப்பேசியிலோ டேட்டாவும் மின்கலமும் கரைகின்றன. இங்கிருந்து தோப்பும்படி கடந்து, வெலிங்டன் தீவு வழியே எர்ணாகுளம் போய்ச்சேர வேண்டிய குடும்பம், வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்பதை வீட்டிலேயே அறிந்தால் குழந்தைகளோடு நடைமேடையில் வாடவேண்டியதில்லை. பக்கம் தவறான இடத்தைக் காட்டிவிட்டாலோ வண்டியே தவறிப்போகும். ஊரிற் சாவு வீட்டுக்குப் போகின்றவருக்கு அவ்வண்டி எத்தகையது என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை.

நெறிமுறை என்பது யாது? ஆங்கிலத்தில் புரோட்டோகால் என்கின்றனர். யார் முதலிற் பேசுவது, எம்முறையிற் பேசுவது, கேட்டதற்கு அடையாளம் என்ன, பேச்சு எப்போது முடிந்தது என்பவற்றை இரு தரத்தாரும் முன்னரே ஒப்புக்கொள்வது நெறிமுறை. கம்பி வேறு, நெறிமுறை வேறு. நிலைய அதிகாரிகள் இருவர் தொலைபேசியில் முக்கியமான உறுதியொன்றைக் கூறும்போது, ஒருவர் தம்மிடமுள்ள தாளிலிருந்து தனியெண் ஒன்றை வாசிப்பார். மற்றவர் அதனைக் குறித்துக்கொள்வார். குரல் காதில் விழுந்தால் மட்டும் போதாது. உரியவர் உரியவாறு உணர்ந்தார் என்பதற்குச் சான்று வேண்டும். பேசும் கருவி மாறினாலும் இவ்வழக்கம் நிற்கின்றது. நெறிமுறை கருவியினும் நீண்ட ஆயுளுடையது.

இனி, நிலையத்துக்குள் சென்று பாருங்கள். செய்தி அங்கு மூவகையாய் நடமாடுகின்றது. விசாரணைச் சாளரத்தில் பயணி கேட்கின்றார், குமாஸ்தா விடை சொல்கின்றார், பயணி போய்விடுகின்றார். ஒலிபெருக்கியில் ஒருவர் அறிவிக்கின்றார், நூற்றுக்கணக்கானோர் கேட்கின்றனர், யாரும் எதிர்மொழி கூறுவதில்லை. மூன்றாவது கட்டுப்பாட்டு அலுவலகத் தொலைபேசி. பகுதிக் கட்டுப்பாட்டாளரும் வழியிலுள்ள நிலையங்களும் ஒரே கம்பியில் இணைந்திருக்கின்றனர். யாரும் எந்நேரமும் பேசலாம், யாரும் கேட்கலாம். இம்மூன்றுக்கும் வலையுலகில் நேரான பெயர்கள் உண்டு.

விசாரணைச் சாளரம் எச்.டி.டி.பி. என்னும் நெறி. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த இதன் முதல் வடிவம் 1991-இல் வழங்கலாயிற்று. உலாவி கேட்கும், வழங்கி விடையளிக்கும், அவ்வளவே. இதன் பெருமை இதன் மறதியிலேயே இருக்கின்றது. ஒவ்வொரு கேள்வியும் தனக்கு வேண்டிய விவரமனைத்தையும் தானே சுமந்து வருவதால், பத்துச் சாளரங்களுள் எதில் நின்றாலும் விடை ஒன்றே. கூட்டம் மிகுந்தால் பதினோராவது சாளரத்தைத் திறந்துவிடலாம்.

ஒலிபெருக்கிக்கு நிகரானது சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் என்பது; சுருக்கமாக எஸ்.எஸ்.இ. உலாவி ஒருமுறை கேட்டதும் வழங்கி விடையை முடிக்காமலேயே வைத்திருந்து, புதுச் செய்தி வருந்தோறும் ஒரு வரியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். பேசுவது வழங்கி மட்டுமே.

கட்டுப்பாட்டுத் தொலைபேசிக்கு நிகரானது வெப்சாக்கெட். 2011 டிசம்பரில் இதன் தரவரையறை வெளியாயிற்று. எச்.டி.டி.பி. முறையிலேயே உலாவி முதலிற் கதவைத் தட்டி, வேறு நெறிக்கு மாறலாமா என்று வினவித் தன்னியல்பாய் ஆக்கிய எழுத்துத்தொடர் ஒன்றையும் அனுப்பும். வழங்கி அத்தொடரைக் கொண்டு கணித்த விடையோடு 101 என்னும் எண்ணைத் திருப்பி அனுப்பினால், அன்று முதல் அவ்வழி இருவருக்கும் பொது. அத்தொடர் இரகசியமன்று, எதிரிலிருப்பவர் இந்நெறியை உண்மையிலேயே அறிந்தவர் என்பதற்குச் சான்று. நம் நிலைய அதிகாரியின் தனியெண்ணை இது எனக்கு நினைவூட்டுகின்றது.

வெப்சாக்கெட்டின் சிறப்பை நான் மறுக்கவில்லை. எச்.டி.டி.பி. கேள்வி ஒவ்வொன்றும் தலைப்புக் குறிப்புகளைச் சுமந்து வருவதால் பல நூறு பைட்டுகள் வீணாகும். வெப்சாக்கெட்டில் ஒரு செய்திக்குரிய தலைச்சுமை 2 பைட்டிலிருந்து 14 பைட்டுக்குள் அடங்கும். நொடிதோறும் இருபுறமும் பேச்சு நிகழுமாயின் இதற்கு ஈடில்லை. ஆனால் நம் வண்டி நொடிதோறும் பேசுகின்றதா? அதனையன்றோ முதலிற் பார்க்கவேண்டும்!

இரயில்வேயின் கணிப்பொறி நிறுவனமாகிய கிரிஸ் 1986-இல் தொடங்கப்பெற்றது. அந்நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து இரயில் எஞ்சின்களில் ஆர்.டி.ஐ.எஸ். என்னும் கருவியைப் பொருத்தி வருகின்றன. 2022-இல் அரசு அறிவித்தபோது 2,700 எஞ்சின்களில் அது பொருத்தப்பெற்றிருந்தது. நிலையத்தை அடைந்ததும் விட்டதும் அக்கருவியே துணைக்கோள் வழியாகத் தெரிவிக்கும். நடுவழியில் வண்டி எங்குள்ளது என்பதை 30 நொடிக்கு ஒருமுறை சொல்லும். வாதத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கின்றது. ஊற்றில் 30 நொடிக்கு ஒரு துளிதான் சுரக்கின்றது என்றால், அகன்ற வாய்க்கால் வெட்டுவதால் நீர் பெருகிவிடுமா? 30 நொடிக்கு ஒருமுறை கேட்டு அறிகின்ற எளிய பக்கமும், எந்நேரமும் வழி திறந்து வைத்திருக்கும் பக்கமும் வண்டியைக் காட்டுவதில் அரை நிமிடத்துக்கு மேல் வேறுபடா.

கணக்கும் பார்த்துவிடுவோம். கேள்வியும் விடையும் சேர்ந்து 2 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தை 3 மணி நேரம் திறந்து வைத்து நொடிக்கொருமுறை கேட்டால் 10,800 முறை. 21 மெகாபைட்டுக்கு மேல். 30 நொடிக்கு ஒருமுறையெனில் 360 முறை, 720 கிலோபைட். வழங்கியின் பக்கம் வருவோம். 200 உறுப்பினர் ஒரே வேளையில் பார்ப்பதாகக் கொண்டால், 30 நொடிக்கு ஒருமுறை கேட்கும் முறையில் நொடிக்கு 7 கேள்விகூட இல்லை. அவற்றையும் குறைக்கலாம். இவ்விடை 30 நொடி வரை செல்லும் என்று வழங்கி குறித்து அனுப்பினால், இடையிலுள்ள தேக்ககம் அதனைச் சேமித்து வைத்து எல்லாருக்கும் தானே விடையளிக்கும். வழங்கியின் வாயில் வந்து நிற்பது 30 நொடிக்கு ஏறத்தாழ ஒரே கேள்வி. விடை மாறவில்லையென்றால் முழுப்பக்கத்தையும் அனுப்பாமல், மாற்றமில்லை என்பதற்கு அடையாளமான 304 என்னும் எண்ணை மட்டும் அனுப்பலாம். வெப்சாக்கெட்டில் இத்தகைய பொதுத் தேக்ககம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனிக்கம்பி, தனிப்பேச்சு. கம்பி அறாதிருக்கவேண்டுமென்று பேச்சில்லாத வேளையிலும் இருக்கின்றாயா, இருக்கின்றேன் என்று இரு முனையும் அடிக்கடி கேட்டுக்கொள்ள வேண்டும். கைப்பேசியின் வானொலிப் பகுதி இதனால் உறங்க இயலாது; மின்கலம் தீரும்.

விசாரணையே மிகுதி என்பதற்கு இரயில்வேயின் கணக்கே சான்று பகரும். 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 பயணச்சீட்டுகள் பதிவாயின என்று அமைச்சகம் தெரிவித்தது. முன்பதிவு முறை நிமிடத்துக்கு ஏறத்தாழ 32,000 சீட்டுகளையும் 4 இலட்சம் விசாரணைகளையும் தாங்கக்கூடியது என்றும், அவற்றை ஒன்றரை இலட்சமாகவும் 40 இலட்சமாகவும் உயர்த்தப் புதிய முறை அமைக்கப்பெறும் என்றும் அவ்வாண்டு கூறினர். ஒரு சீட்டுக்குப் பன்னிரண்டு கேள்விக்கு மேல் தாங்க அமைத்திருக்கின்றனர் என்பதைக் கவனியுங்கள். சாளரத்தின் இப்பாற் பணி செய்கின்றவனுக்கு இது வியப்பளிக்காது. வாங்குபவர் ஒருவர், விசாரிப்பவர் ஒரு கூட்டம்.

பணம் செலுத்தும் பகுதியைப் பற்றி ஒரு சொல். எச்.டி.டி.பி.யில் கெட் என்றும் போஸ்ட் என்றும் கேட்கும் வகை உண்டு. வண்டி எங்கே என்பது கெட் வகை. ஒன்பது முறை கேட்டாலும் தீங்கில்லை. பணம் கொடுப்பது போஸ்ட் வகை. அதனை இருமுறை செய்தாற் கேடு. பணம் போயிற்று, விடை வருமுன் தொடர்பு அறுந்தது என்றால் உறுப்பினர் என்ன செய்வார்? மீண்டும் பொத்தானை அழுத்துவார். ஆதலின் ஒவ்வொரு முயற்சிக்கும் உலாவியே ஓர் எண் இட்டு அனுப்பவேண்டும். அதே எண் மறுமுறை வந்தால் வழங்கி புதிதாகப் பணம் கொள்ளாமல் பழைய விடையையே திருப்பிச் சொல்லவேண்டும். இவ்வேற்பாடு எந்நெறியில் சென்றாலும் வேண்டும். வெப்சாக்கெட் கொண்டால் இத்தொல்லை தானே தீரும் என்று நினைப்பது பொருந்தாது.

இவ்வூர்க்காரர்களுக்கு மட்டாஞ்சேரியைக் காட்டிச் சொன்னால் இன்னும் தெளிவாகும். யூதத் தெருவிலுள்ள மிளகு வாணிகச் சங்கத்தின் பழைய கூடத்தைப் பார்த்தவர் நம்மில் சிலர் இருக்கலாம். சிறிய கூடம். தரகர்கள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே விலை கூவுவர். ஒருவர் கூவிய விலை மற்றவர் கூவும் விலையை அப்போதே மாற்றும். கேட்பதும் சொல்வதும் ஒரே மூச்சு. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அக்கூச்சல் அடங்கி, வாணிகம் கணிப்பொறித் திரைக்கு மாறிற்று. இத்தகைய இடமே இருவழித் தொடர்புக்கு உரிய இடம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அவ்வாறே சொல்லியிருப்பேன். ஆனால் பெங்களூரிலுள்ள ஜெரோதா என்னும் பங்குத் தரகு நிறுவனம் மென்பொருளாளர்க்குத் தந்திருக்கும் வழிமுறையைப் பாருங்கள். நொடிதோறும் மாறும் விலைகள் வெப்சாக்கெட் வழியே வருகின்றன. வாங்குக, விற்க என்னும் ஆணைகளோ எச்.டி.டி.பி. வழியே செல்கின்றன. ஏன்? விலையில் ஒரு துளி தவறினால் அடுத்த துளி வந்து அதனைச் சரிசெய்துவிடும். ஆணைக்கோ தனக்கென ஒரு விடை வேண்டும்; ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்று ஐயமின்றித் தெரியவேண்டும். பெருவாணிகர்களே வழியைப் பிரித்து வைத்திருக்கும்போது, நாம் ஏன் அனைத்தையும் ஒரே கம்பியிற் கட்டவேண்டும்?

இனி மலைவழிக்கு வருவோம். இவ்விவாதத்தில் நம் பக்கத்துக்கே உரிய தனிச்சிக்கல் அதுவே. கொல்லம் - செங்கோட்டைப் பாதை அகலப்பாதையாக்கப்பெற்று 2018-இல் முழுமையும் திறக்கப்பெற்றது. புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலைச்சரிவுகளும் குகைகளும்; கழுதுருட்டிக்கு அருகிற் பதின்மூன்று கண் பாலம். பகலிற் சென்றால் கண்ணுக்கு விருந்து. கைப்பேசிக்கோ பட்டினி! தொடர்பு வரும், போகும், மீண்டும் வரும். இங்கே மூன்று நெறிகளும் எவ்வாறு நடந்துகொள்கின்றன?

கேட்டறியும் முறைக்குக் கவலையில்லை. இக்கேள்வி தவறினால் அடுத்த கேள்வி. எஸ்.எஸ்.இ.யில் தொடர்பு அறுந்தால் உலாவியே தானாக மீண்டும் இணையும். இணையும்போது கடைசியாகப் பெற்ற செய்தியின் எண்ணையும் வழங்கிக்குச் சொல்லும். ஆரியங்காவுக் குகையில் விட்டதை வெளியே வந்து தொடர்ந்து பெறலாம். ஆனால் ஒன்று: வழங்கி முன்செய்திகளைச் சிறிது காலம் எண்ணிட்டு வைத்திருக்கவேண்டும். வைக்காவிடில் எண்ணைச் சொல்லிப் பயனில்லை. வெப்சாக்கெட்டில் மீண்டும் இணைவதும், விட்ட செய்தியைக் கேட்டு வாங்குவதும் முழுதும் நாமே எழுதவேண்டிய வேலை. அறுந்ததென்பதையே உலாவி சில வேளைகளிற் காலந்தாழ்த்தே அறியும். அதுவரை திரையிற் பழைய இடமே நிற்கும். பார்ப்பவர் வண்டி நின்றுவிட்டது என்று எண்ணுவார். மேலும், வழங்கி ஒருமுறை நின்று எழுந்தால் அறுந்த அனைவரும் ஒரே கணத்தில் மீண்டும் முண்டியடிப்பர். காலை எட்டு மணிக்குச் சாளரக் கதவு திறக்கும் காட்சி அது. ஒவ்வொருவரும் சற்று முன்பின்னாக, வெவ்வேறு இடைவெளி விட்டு வருமாறு நிரல் எழுதவேண்டும்.

எஸ்.எஸ்.இ.யையும் குறையில்லாதது என்று புகழ மாட்டேன். பழைய எச்.டி.டி.பி. 1.1 முறையில் உலாவிகள் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புகளுக்கு மேல் தருவதில்லை. ஒருவர் ஆறு தாவல்களில் பக்கத்தைத் திறந்து வைத்தால் ஏழாவது தாவல் வாய்மூடி நிற்கும். காரணம் புரியாமல் இளைஞர் இரவெல்லாம் விழித்திருப்பர். 2015-இல் வந்த எச்.டி.டி.பி. 2, ஒரே இணைப்பில் பல பேச்சுகளை ஒருங்கே செலுத்துவதால் இத்தடையைப் போக்கிவிட்டது. வாடகைக்கு எடுக்கும் வழங்கியில் அது இருக்கின்றதா என்று பார்த்துக்கொண்டால் போதும். 2022-இல் தரமாக்கப்பெற்ற எச்.டி.டி.பி. 3, குயிக் என்னும் அடித்தளத்தின்மேல் நிற்கின்றது. நிலையத்து வைஃபையிலிருந்து கைப்பேசிக் கோபுரத்துக்கு மாறும்போது முகவரி மாறினாலும், இணைப்புக்கென்று தனி அடையாளம் இருப்பதால் தொடர்பைத் தொடர அதனால் இயலும். பயணிகளுக்கென்றே செய்ததுபோலத் தோன்றுகின்றது!

ஒரே நெறியென்றால் நிரல் எழுதுவது எளிதன்றோ என்று இளைஞர் ஒருவர் என்னைக் கேட்டார். எழுதுபவருக்கு எளிதுதான். ஆனால் அவர் ஒருமுறை எழுதுகின்றார். உறுப்பினர் நாள்தோறும் அதன் செலவைச் சுமக்கின்றார். புதியது என்பதனாலும், பெரிய நிறுவனங்கள் கையாள்கின்றன என்பதனாலும் ஒன்றைக் கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே என் கருத்து இது. வண்டியின் இடத்தை 30 நொடிக்கு ஒருமுறை கேட்டறியும் முறையில், தேக்ககத்தோடு வைக்கலாம். எப்போது பெற்ற செய்தி என்னும் நேரத்தையும் அருகிற் காட்டவேண்டும். நேரமில்லாத செய்தியை இரயில்வேயில் யாரும் நம்புவதில்லை. வண்டி நின்றுவிட்டது, நடைமேடை மாறிற்று என்பன போன்ற அறிவிப்புகளுக்கு எஸ்.எஸ்.இ. கட்டணத்துக்குப் போஸ்ட், எண்ணிட்ட முயற்சியோடு. உடன் செல்வோர் உரையாடும் அறைக்கு மட்டும் வெப்சாக்கெட் இருக்கட்டும். அங்கே இருவரும் பேசுகின்றனர். ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பதுகூட மற்றவருக்குத் தெரியவேண்டும் என்கின்றனர். அவ்வறையை விட்டு வெளியேறியதும் கம்பியை மூடிவிடுவதை மறக்கலாகாது.

எஞ்சியது ஒன்று. பக்கத்தை மூடிவிட்டு உறங்குகின்றவருக்கு வண்டி இரத்து என்பதை எவ்வாறு அறிவிப்பது? மேற்சொன்ன மூன்றும் பக்கம் திறந்திருக்கும் வரைதான். மூடிய பக்கத்துக்கு வெப் புஷ் என்னும் வேறு வழி உண்டு. உறுப்பினர் முன்னரே இசைவு தந்திருந்தால், உலாவி நிறுவனத்தாரின் அஞ்சல் வழியே செய்தி கைப்பேசியின் முகப்பில் தோன்றும். ஐஃபோனில் இது 2023 மார்ச் முதலே இயலும். அதிலும் பக்கத்தை முகப்புத்திரையிற் சேர்த்து வைத்தவர்க்கே. இதனைப் பதிவுப் படிவத்திலேயே எடுத்துக்கூறி இசைவு கேட்கவேண்டும். இசையாதவரின் தொலைபேசி எண்ணைப் பொறுப்பாளர் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அவரை நாமே அழைத்துச் சொல்வோம்.

பொங்கலுக்கு ஊர் செல்வோருள் ஐவர் இசைந்தால், இருவகைப் பக்கத்தையும் இரு கைப்பேசிகளில் வைத்துப் புனலூர் முதல் செங்கோட்டை வரை விழித்திருந்து பார்த்துவிடலாம். எத்தனை முறை அறுந்தது, எத்தனை நொடியில் மீண்டது, எவ்வளவு டேட்டா சென்றது என்பதைக் குறித்து வந்து செயற்குழுவின் முன் வைப்போம். குறிப்பேடு நான் தருகின்றேன்.